முப்பது பாயிண்ட்

அரியூர் நாடு
10-11-2024

அன்புள்ள ராதிகா அக்காவுக்கு,

உன் சித்தப்பா மகள் சுமித்ரா எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, முரளி அண்ணன், இரண்டு மாடு, ஒரு கன்று எல்லோரும் சுகம். என் முகம் மட்டும் சுகமில்லை. நாமக்கல்லில் நீயும் உன் பார்லர் மேடமும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். வீட்டில் இருப்பது ஒரே ஃபோன். அது அண்ணன் சட்டைப்பையில் இருக்கிறது. இந்த மலையில் சிக்னலுக்குப் பாறை மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்கள் நடுவில் நின்று என் முகப்பருவைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன்? நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் திறக்காது. எழுதினால் மட்டும் கோபம்கூட ஒழுங்காக வருகிறது. நாமக்கல் பஸ் ஓட்டும் செல்வம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என் முகத்தைப் பார்த்துத்தான் செருப்பைக் கழற்றினார்கள். "என்ன கண்ணு, சூடு புடிச்சிருச்சா? எண்ணெய்ப் பண்டம் திங்காத சாமி" என்று சொல்லிவிட்டு எனக்கு வைத்திருந்த முறுக்கையும் சேர்த்துத் தின்றார்கள். அம்மா இரண்டு வருடமாக வேப்பிலை அரைத்துப் பூசுகிறார். அண்ணன் இருக்கிறானே, "மொளகு பறிக்க மரத்துல எதுக்கு ஏறோணும், இவ மூஞ்சியிலயே கொத்துக் கொத்தாத் தொங்குது" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அம்மாவும்தான்.

ஒன்பதாவதோடு நான் ஏன் நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை. தலைவலி என்றேன். நம்பிவிட்டார்கள். நீ அப்போது அதே பள்ளியில் பதினொன்றாவது படித்தாய். பத்தாவது பரீட்சையைப் பள்ளிக்குப் போகாமலே தனியாக எழுதலாம் என்று இப்போது தெரிந்துகொண்டேன். ஜனவரி முடிவதற்குள் விண்ணப்பம் போட வேண்டும். செம்மேட்டுக்குப் போய் ஃபோட்டோ எடுக்க வேண்டும். அப்புறம் பரீட்சைக் கூடத்தில் அத்தனை பேர் நடுவில் உட்கார வேண்டும். இந்த முகத்தோடு நான் போக மாட்டேன். அதற்குள் இது தெளிய ஏதாவது வழி உண்டா?

பதில் போடு. வேப்பிலை என்று மட்டும் எழுதாதே.

உன் தங்கை,
சுமித்ரா


நாமக்கல்
21-11-2024

அன்புத் தங்கை சுமிக்கு,

அக்கா நலம். கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. சித்தப்பா, சித்தி எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் கடைக்குப் போய் இந்தச் சின்ன பாட்டிலை வாங்கினேன். இதன் பெயர் சாலிசிலிக் ஆசிட். ஆசிட் என்றதும் பயந்துவிடாதே கண்ணு, பேட்டரியில் ஊற்றுவது இல்லை. தோல் துவாரத்தில் அடைத்திருக்கும் எண்ணெயைக் கரைத்து எடுக்கும். இது இரண்டு சதவீதம்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாயங்காலம் முகம் கழுவித் துடைத்த பிறகு இரண்டு சொட்டு. இரண்டு மாதம் பொறுமையாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் இப்போது எதற்கு? அதை விடு. பரீட்சை எழுது. நீ நன்றாகப் படிக்கிறவள்.

இங்கே ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் திருத்தும்போது அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. மிச்சத்தை நேரில் சொல்கிறேன், சிரித்துச் சாவாய்.

அக்கா,
ராதிகா


அரியூர் நாடு
29-12-2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். குளிர் அதிகம். உன் கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வை.

ஐந்து வாரம் ஆகிவிட்டது. மூக்குக்கு மேலே கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கன்னத்தில் புதிதாக மூன்று. எனக்கு அந்த பாட்டிலைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. ஜனவரி முடிய நாள் எத்தனை இருக்கிறது, நீயே எண்ணிப் பார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. போன வாரம் அண்ணன் மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போனான். அங்கே கிழங்கைத் தண்ணீரில் அமுக்கி எடை பார்த்து, மாவு எத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள் இல்லையா? திரும்பி வந்தவன் வாசலில் நின்றே கத்தினான்: "இருவத்தெட்டு பாயிண்ட்டும்மா! மேலத் தோட்டத்தானுக்கு இருவத்தி நாலுதான். மூஞ்சிய இப்படித் தொங்கப்போட்டுட்டுப் போறான்!" பாயிண்ட் என்பதும் சதவீதம் என்பதும் ஒன்றுதானா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றான்.

அப்படியென்றால் எனக்கு வெறும் இரண்டு பாயிண்ட்டைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டு பாயிண்ட் கிழங்கை மாடுகூடத் தின்னாது. பார்லரில் பெரிய இடத்துப் பெண்களுக்கு நீங்கள் இரண்டு பாயிண்ட்டா போடுகிறீர்கள்? இருபத்தெட்டு, முப்பது என்று இருந்தால் அனுப்பு. உன்னை நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

சுமித்ரா


நாமக்கல்
9-1-2025

அன்பு சுமிக்கு,

அக்கா நலம். நீ கேட்டு நான் எப்படி இல்லை என்று சொல்வேன்?

முப்பது இருக்கிறது. கிளைகாலிக் என்று பெயர். செல்வம் அண்ணனிடம் மருந்து பாட்டில் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லேபிள் இல்லையே என்று பார்க்காதே. பஞ்சில் தொட்டு முகத்தில் தடவு. ஐந்து நிமிடம். பிறகு கழுவிவிடு. கொஞ்சம் எரியும். வாரம் ஒரு தடவை போதும்.

யாரிடமும் காட்டாதே. பொங்கலுக்கு வர முடியவில்லை, இங்கே கூட்டம்.

ராதிகா


அரியூர் நாடு
2-2-2025

ராதிகா அக்காவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், எல்லோரும் களத்தில் இருக்கும்போது நான் வீட்டுக்குள் தாழ் போட்டுக்கொண்டு நீ அனுப்பியதைப் பூசினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சரியாக இரண்டு மணி. எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன். மூன்றாவது நிமிடம் வெளியே அம்மா கத்தினார். "சுமி! மேகம் கூடுது, ஓடியா! மொளகு பூரா நனையப்போவுது!"

இந்த வருடத்து மிளகு மொத்தமும் களத்தில் கிடந்தது. நான் என்ன செய்வேன்? முகத்தில் ஆசிட் இருக்கிறது, கழுவிவிட்டு வருகிறேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்வேனா? ஓடினேன். கூட்டி அள்ளினேன். தார்ப்பாய் பிடித்தேன். வியர்வை கண்ணில் இறங்கியபோது மிளகுத்தூள் ஒட்டிய கையாலேயே துடைத்தேன். "ஏன் கண்ணு மூஞ்சி மினுமினுங்குது?" என்று அப்பா கேட்டார். எண்ணெய் என்றேன்.

மேகம் அப்படியே கலைந்து போய்விட்டது. அந்த மழையாவது பெய்து தொலைத்திருந்தால் என் முகத்தைக் கழுவியிருக்கும். நாலு துளிகூட விழவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. "செரி, திருப்பி விரிச்சிருங்க" என்றார் அப்பா. விரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் மணி மூன்று.

அன்று சாயங்காலம் முகம் தீப்பட்ட மாதிரி சிவந்தது. மறுநாள் இரண்டு கன்னத்திலும் கொப்புளம். நாலாம் நாள் கறுத்து, பொருக்கு தட்டியது. அம்மா அழுதுகொண்டே என்னை ரோஸ்லின் அக்காவிடம் இழுத்துப் போனார். சுகாதார நிலையத்து நர்ஸ், திருச்சிக்காரர். பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில் ஊசிக்கு நின்ற குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டன. "யாரும்மா இத உன்கிட்ட குடுத்தது? கக்கூஸ் கழுவுறதக் குடுத்தாலும் வாங்கிப் பூசிக்குவியா?" உன் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என் முகத்தைப் படம் எடுத்துத் தோல் டாக்டருக்கு அனுப்பிக் கேட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. முப்பது என்பது வீட்டில் தொடவே கூடாததாம். பழகியவர்கள் பக்கத்தில் நின்று போடுவதாம். போட்டதை முறிக்க வேறொன்று தடவ வேண்டுமாம். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டுமாம். போட்ட பிறகு பல நாளைக்கு வெயிலே படக்கூடாதாம். வெயிலே படக்கூடாது! எனக்கு! களத்தில் பிறந்து களத்தில் வளர்ந்தவளுக்கு!

நீ எழுதியது ஐந்தாறு வரி. எழுதாமல் விட்டது எத்தனை வரி?

முப்பது கேட்டது நான்தான். கிழங்கையும் ஆசிட்டையும் ஒரே தராசில் போட்டது என் புத்திதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மரவள்ளிக்காரி. நீ பார்லரில் வேலை செய்கிறவள். உனக்குத் தெரியும்.

முந்தாநாளோடு விண்ணப்பம் போடும் நாள் முடிந்துவிட்டது.

சுமித்ரா


அரியூர் நாடு
23-2-2025

ராதிகா அக்காவுக்கு,

மூன்று வாரமாக தினமும் சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு முக்காட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போய் நிற்கிறேன். செல்வம் அண்ணன் தூரத்திலேயே கையை விரிக்கிறார். "உங்கக்கா கடையில இருக்குது சாமி, என்னைப் பார்த்தா உள்ள போயிருது" என்றார்.

பொருக்கு உதிர்ந்துவிட்டது. அடியில் கறுப்பாக இருக்கிறது. அண்ணன் கேலி செய்வதை நிறுத்திவிட்டான். அவன் கேலி செய்யாதது அதைவிட மோசமாக இருக்கிறது.

உள்ளே போய் என்ன செய்கிறாய்?

சுமித்ரா


நாமக்கல்
20-3-2025

என் அன்புத் தங்கை சுமிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நீயும் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை, அதனால்தான் எழுதவில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பஸ் நிலையத்தில் தர்ப்பூசணிக் கடை வந்துவிட்டது. மேடத்தின் மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது.

இத்துடன் ஒரு சன்ஸ்கிரீனும் அகலத் தொப்பியும் வருகின்றன. காலையில் பூசு. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். மேகம் போட்டிருந்தாலும் பூசு. கறுப்பு ஆறேழு மாதத்தில் மங்கிவிடும். கிள்ளாதே. வேறு எதையும் தடவாதே. ரோஸ்லின் அக்கா சொல்கிறபடி கேள்.

எதற்கும் கவலைப்படாதே கண்ணு. எல்லாம் சரியாகிவிடும்.

ராதிகா


அரியூர் நாடு
30-3-2025

ராதிகா,

தர்ப்பூசணிக் கடை வந்த செய்திக்கு மிகவும் சந்தோசம்.

தொப்பியைப் போடுகிறேன். களத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். சன்ஸ்கிரீனும் பூசுகிறேன். எப்படிப் பூசுவது என்று இந்தத் தடவை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். எழுதத் தெரியாதவள் இல்லை நீ.

நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வருடத்துக்கும் மேலாகத் தொண்டையில் வைத்திருக்கிறேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது, ஆனி மாதம். செம்மேட்டுச் சந்தையில் பலாக்காய் குவித்திருந்தார்கள். பள்ளி விட்டு நீயும் உன் கூட்டாளிகளும் குவியலுக்கு முன்னால் நின்றீர்கள். பஸ்ஸுக்கு உன்னோடு சேர்ந்து போகலாம் என்று நான் பின்னால் வந்தேன். அந்தப் பக்கம் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். நீ ஒரு காயைத் தட்டிவிட்டுச் சொன்னாய்: "எங்க சித்தப்பன் ஊட்டுலயும் ஒண்ணு இருக்குதுடி. இது வருசத்துக்கு ஒருக்காக் காய்க்கும், அது வருசம் பூராக் காய்க்கும். பழுக்கத்தான் மாட்டேங்குது!" எல்லோரும் சிரித்தார்கள். நீ ரொம்ப நன்றாகச் சொன்னாய். எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அது நான் என்று புரிந்தது.

மறுநாள் பலாக்காய் என்ற பெயர் என் வகுப்புக்கு வந்துவிட்டது. அதற்கு மறுநாள் பஸ்ஸுக்கு வந்துவிட்டது. வருகை எடுக்கும்போது என் பெயருக்குப் பின்னால் பெஞ்சியில் தட்டுவார்கள், பலாக்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. டொக், டொக். தலைவலி என்று சொன்னது பொய் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் உண்மையிலேயே தலை வலிக்கும்.

நான் உன்னிடம்தான் மருந்து கேட்டேன். ஏன் தெரியுமா? நீ சொன்ன சொல்லை நீயே வந்து எடுத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ சொல்லை எடுக்கவில்லை. தோலை எடுத்துவிட்டாய்.

உடம்பு சரியில்லை என்று இனி எழுதாதே. எழுதினால் முழுதாக எழுது. இல்லாவிட்டால் எழுதவே எழுதாதே.

அண்ணாமலை மகள்
சுமித்ரா


நாமக்கல்
11-5-2025

சுமித்ராவுக்கு,

உன் கடிதம் ஆறு வாரமாக என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் ஆறு பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று ஒரு வரி வந்தது. இதில் அதை எழுதவில்லை.

நான்தான் சொன்னேன். நீ பின்னால் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் பஸ்ஸில் உன்னை அப்படிக் கூப்பிட்டபோது நான் இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் என்னையும் ஏதாவது சொல்வார்கள் என்று பயம். நீ நின்றதும் தலைவலி என்று சித்தி சொன்னதை நானும் பிடித்துக்கொண்டேன். அதனால்தான் நீ முப்பது கேட்டபோது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது நான் வாங்கியது இல்லை. மேடம் சாப்பிடப் போனபோது பெரிய பாட்டிலிலிருந்து எடுத்தது. லேபிளைக் கிழித்தது நான். பழகியவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நீ படித்தால் பயந்து பூச மாட்டாய், அப்புறம் என்மேல் கோபப்படுவாய் என்று கிழித்தேன். வெயில் விஷயம் எனக்குத் தெரியும். அதை எழுதினால் நீ களத்துக்குப் போகாமல் இருக்க முடியாதே, அப்படியானால் இதை அனுப்பவே கூடாதே என்று தோன்றியது. தோன்றியதும் பேனாவை மூடிவிட்டேன்.

உன் முகத்துக்கு என்ன செய்வது என்று மேடத்திடம் கேட்டேன். கேட்க வேண்டுமானால் எடுத்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். இப்போது நான் யார் முகத்தையும் தொடுவதில்லை. துண்டு துவைக்கிறேன், முடி கூட்டுகிறேன். உன் பரிதாபத்துக்காக இதை எழுதவில்லை. முழுதாக எழுது என்றாய்.

ஜூலையில் மறுபடியும் தனியாக எழுதலாமாம். விசாரித்துவிட்டேன். நீ போவாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ராதிகா


அரியூர் நாடு
8-6-2025

ராதிகா அக்காவுக்கு,

இங்கே மாடு உட்பட எல்லோரும் சுகம். என் முகம் பாதி சுகம். உன் கால் வலி எப்படி இருக்கிறது? துவைக்கிற வேலையில் கையும் வலிக்கும்.

உன்னைத் துண்டு துவைக்கப் போட்டார்கள் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. சாயங்காலம் வரை இருந்தது. அப்புறம் இல்லை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் வருகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தால், கெட்டுப்போவது என் பரீட்சைதான். அதனால் புதன்கிழமை தொப்பியைப் போட்டுக்கொண்டு செம்மேட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். முரளி அண்ணன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

ஸ்டுடியோக்காரர் ஈஸ்வரமூர்த்தி படத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினார். என் கன்னம் திரை முழுவதும் தெரிந்தது, கறுப்பும் குழியுமாக. கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். "ஏனுங்க அம்மிணி, இந்தக் கறுப்பெல்லாம் அழிச்சுரட்டுங்களா? ஒரே நிமிசந்தான், சினிமாக்காரியாட்டம் ஆக்கிப்போடுறேன்" என்றார். உனக்குத் தெரியும் என் வாய். அந்த மூன்று பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாமுங்க" என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. அவர் மவுஸை நகர்த்தினார். "வேண்டாமுங்க! அது எம்பட மூஞ்சி. பரீட்சைக்கு நான்தான் போவேன், சினிமாக்காரி வர மாட்டா" என்றேன். இந்தத் தடவை ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. தெருவில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி, "செரிங் அம்மிணி, அதுக்கு ஏன் சண்டைக்கு வாரீங்க" என்று சொல்லி அப்படியே பிரிண்ட் எடுத்தார். விண்ணப்பம் போட்டாகிவிட்டது. ஹாலில் யாராவது பெஞ்சியைத் தட்டினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனால் போவேன்.

திரும்பும்போது சந்தையில் பலாக்காய் குவித்திருந்தார்கள், அதே இடத்தில். கொஞ்ச நேரம் நின்றேன். நீ தட்டின மாதிரி ஒன்றைத் தட்டிப் பார்த்து வாங்கினேன். அது உனக்குத்தான். செல்வம் அண்ணன் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து எடுத்துவருகிறார்.

எதை அனுப்பினாலும் எப்படிக் கையாள்வது என்று முழுதாக எழுத வேண்டும். எழுதுகிறேன். இது பழுக்க நாலு நாள் ஆகும். வாசம் வரும்வரை வெட்டாதே. முள் கையில் குத்தும், சாக்கோடு பிடித்துத் தூக்கு. வெட்டும் முன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். தடவாவிட்டால் பால் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் போகாது. நிறையத் தின்றால் வயிறு வலிக்கும். மேடத்துக்கும் கொடு. கொட்டையைத் தூக்கிப் போடாதே, சுட்டுத் தின்னலாம். ஒன்றையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

காம்பில் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன். அதில் யார் அனுப்பியது என்று என் பெயரை எழுதியிருக்கிறேன். அம்மா அப்பா வைத்த பெயர். அந்த லேபிளைக் கிழித்துவிடாதே.

சுமித்ரா